வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை: ஒரு வருடக் கெடு

கல்யாணம் முடிந்ததும் வேலை விசாவில் கிளம்பிப் போய், போன இடத்திலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளும் தம்பதிகள் இப்போது நம் ஊரில் சர்வசாதாரணம். அவர்களில் பலரும், "நாங்கள் இரண்டு பேருமே இந்தியர்கள், பிள்ளையும் தானாக இந்தியனாகிவிடும்" என்றுதான் நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 3-ஆம் தேதிக்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த குழந்தைகளுக்குச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு இதைப் பற்றியது. பிள்ளை பிறக்கும்போது தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 1992-க்கு முன்பு தகப்பன் இந்தியராக இருந்தால்தான் செல்லும். இப்போது தாய் இந்தியராக இருந்தாலும் போதும். ஆனால் அது மட்டும் போதாது. பிறந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்த நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். கெடு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றுத்தான் பதிய முடியும். கோப்பு டெல்லிக்குப் போகும், நீங்கள் காத்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி கொடுக்கும் சீட்டும் அந்த ஊர் நகராட்சி கொடுக்கும் பிறப்புச் சான்றிதழும் இந்தப் பதிவு ஆகாது. அவை தூதரகத்தில் காட்ட வேண்டிய ஆதாரங்கள், அவ்வளவுதான். முதலில் உள்ளூர்ச் சான்றிதழை வாங்கிவிட்டு, உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, அச்செடுத்துத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். இருவரின் பாஸ்போர்ட், விசா நகல்கள், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்பார்கள். 'குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை' என்று பெற்றோர் கையெழுத்திட்டு உறுதி கொடுக்கவும் வேண்டும்.

அந்த உறுதிமொழிதான் பலருக்குச் சிக்கல். எந்த நாட்டில் பிள்ளை பிறக்கிறது என்பதைப் பொறுத்து கதை மாறும். துபாயிலோ சிங்கப்பூரிலோ இந்தியத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைக்காது. அங்கே தூதரகப் பதிவையும் விட்டுவிட்டால் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லாமல் போகும். பாஸ்போர்ட் இல்லை, அதனால் அங்கே தங்க விசாவும் இல்லை. ஆகவே அங்கிருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், உடனே பதிந்துவிடலாம்.

கனடா வேறு மாதிரி. வேலை விசாவில் இருக்கும் தம்பதிக்கு அங்கே பிறந்தாலும் பிள்ளை கனடியக் குடிமகன்தான். பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா ஆகியவை பெற்றோரின் வசிப்புரிமையைப் பார்க்கும். ஜெர்மனியில் பெற்றோரில் ஒருவர் 5 வருடம் சட்டப்படி வசித்து, நிரந்தர வசிப்புரிமையும் வைத்திருந்தால் குழந்தை பிறக்கும்போதே ஜெர்மானியக் குடியுரிமை பெறுகிறது. 2024 ஜூன் வரை இது 8 வருடமாக இருந்தது.

இப்படிப் பிறந்த பிள்ளைக்கு அந்த நாட்டு பாஸ்போர்ட் எடுக்காதவரை இந்தியப் பதிவுக்குத் தடையில்லை. நடைமுறையில் அது இழுபறிதான். கனடியக் குடிமக்கள் விமானத்தில் கனடாவுக்குத் திரும்ப, பொதுவாகக் கனடிய பாஸ்போர்ட்டையே கேட்கிறார்கள். பாட்டி தாத்தாவிடம் காட்டிவிட்டு வரக்கூட அது வேண்டும். அதனால் பெரும்பாலோர் அந்த நாட்டு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்கு ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வாங்குகிறார்கள். ஓசிஐ குடியுரிமை அல்ல: ஓட்டு கிடையாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. விசா தொல்லை இல்லாமல் வந்து போகலாம், தங்கலாம். அங்கேயே வேரூன்றப் போகிறவர்களுக்கு இதுவே சுலபம் என்பது என் கருத்து. இந்தியப் பதிவைத் தேர்ந்தெடுத்தால் இன்னொன்றும் உண்டு: வேறு நாட்டுக் குடியுரிமையும் இருக்கும் பிள்ளை, 18 வயது முடிந்து 6 மாதத்துக்குள் அதைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

பெற்றோர் இருவரும் பிரசவத்துக்கு முன்பே வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் இந்த வழியே அடைபட்டுவிடும். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. 1998-இல் பெற்றோர் சிங்கப்பூர்க் குடிமக்களானபோது, வழக்குத் தொடுத்த இளைஞர் தாயின் வயிற்றில் இருந்தார். பெரியவரானதும் இந்தியக் குடியுரிமையை மீண்டும் கேட்டார். சென்னையில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விண்ணப்பம் கொடுத்துத் துறந்தவர்களின் பிள்ளைகளுக்குத்தான் மீட்கும் உரிமை உண்டு, வேறு குடியுரிமை வாங்கியதால் தானாக இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு இல்லை என்பது அதன் விளக்கம்.

இனி, ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே முடிக்க வேண்டியவை. தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். தாமதக் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் தருகிறார்கள். மண்டப ரசீதும் பத்திரிகையும் போதும் என்று விமானம் ஏறினால், பிரசவத்தின்போது சான்றிதழுக்காக ஊருக்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.

அப்புறம் பெயர். நம்மில் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும், இல்லாவிட்டால் அப்பா பெயர் இருக்கும். வெளிநாட்டுப் பதிவு அலுவலர் குழந்தைக்கும் குடும்பப் பெயர் கேட்பார். கணவருக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, இரண்டும் அவரவர் அப்பா பெயர். எதைப் போடுவது என்று கவுண்டரில் நின்று யோசித்தால் வரிசை நகராது. அங்கே எழுதுவதும் தூதரகப் படிவத்தில் எழுதுவதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் திருத்தம், பிரமாணப் பத்திரம் என்று அந்த ஒரு வருடம் கரைந்துகொண்டே போகும்.