புறப்பட்டதும் எஞ்சின் நின்று விமானப்படை வீரர் இறந்தால்: குடும்பத்துக்குச் சேர வேண்டியவை

போர் விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பிய சில நொடிகளில் எஞ்சின் அணைந்தால், விமானியிடம் போதிய உயரமும் இருக்காது, வேகமும் இருக்காது. 2025-ல் ஓய்வு பெற்ற மிக்-21, இப்போது பறக்கும் தேஜஸ் போன்றவற்றில் கைகொடுக்க இன்னொரு எஞ்சினும் கிடையாது. வழக்கமான பயிற்சிப் பறப்பில் இப்படி உயிர் போனால், பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 ஆணைப்படி அது 'சி' பிரிவு, அதாவது பணியின்போது நேர்ந்த விபத்து. தீவிரவாதத் தாக்குதல் 'டி', போரும் எல்லை மோதலும் 'இ'. குடும்பத்துக்கு வரும் தொகையைத் தீர்மானிப்பது இந்த எழுத்துதான்.

'சி' பிரிவுக்குச் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம்: கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 60 சதவீதம். ஃபிளைட் லெப்டினன்ட் ஒருவரின் தொடக்க அடிப்படை ஊதியம் ரூ.61,300, ராணுவப் பணி ஊதியம் ரூ.15,500, ஆக ரூ.76,800. அதில் 60 சதவீதம் ரூ.46,080, இதற்கு மேல் அகவிலை நிவாரணம் உண்டு. விமானம் ஓட்டுவதற்காகத் தரும் பறப்புப்படி இந்தக் கணக்கில் சேராது. மாதாமாதம் வீட்டுக்கு வந்த பணத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான். 'டி', 'இ' பிரிவுகளுக்கு இதே ஊதியத்தில் 100 சதவீதம் கிடைக்கும். ஆகவே விமானம் பயிற்சிக்குப் போனதா, அறிவிக்கப்பட்ட போர் நடவடிக்கைக்கா என்பதைப் படைப்பிரிவின் இறப்பு அறிக்கையில் குடும்பம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கருணைத்தொகை 2016 ஜனவரி 1 முதல் பணி விபத்துக்கு ரூ.25 லட்சம். இறப்புப் பணிக்கொடை தனி: 1 முதல் 5 ஆண்டுக்குள் பணியாற்றியிருந்தால் மாத ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைப் போல் 6 மடங்கு, 5 முதல் 11 ஆண்டுக்குள் 12 மடங்கு. சேர்த்து வைத்த விடுப்புக்கு 300 நாள் வரை பணம், விமானப்படைக் குழுக் காப்பீடு ஆகியவையும் உண்டு.

தாமதம் பெரும்பாலும் விசாரணையால் வருகிறது. எஞ்சினைப் பிரித்து, பறவை மோதியதா, எரிபொருள் பம்பு நின்றதா, கம்ப்ரசர் தகடு உடைந்ததா என்று ஆராய மாதங்கள் ஆகும். ஆனால் எந்தப் பாகம் பழுதானது என்பதற்காக ஓய்வூதியம் காத்திருக்கக் கூடாது. அவர் பணியில் இருந்தாரா என்பதே அங்கே கேள்வி. கோப்பு முடியும்வரை சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தை உயர்விகிதத்தில், அதாவது 50 சதவீதமாக, எழுத்துமூலம் கேளுங்கள். இதற்கு 7 ஆண்டுப் பணி வேண்டும் என்ற நிபந்தனை 2019 அக்டோபர் 1 முதல் நீங்கிவிட்டது. இளம் விமானிகளின் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

அடுத்த சிக்கல், பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் வாரிசு நியமனப் படிவம். திருமணத்துக்கு முன் பெற்றோர் பெயரைக் கொடுத்துவிட்டு மாற்றாமலே விட்டிருப்பார்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பணிப்பதிவேடு மூன்றிலும் மனைவியின் பெயர் ஒரே எழுத்தில் இல்லையென்றால் பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளமான ஸ்பர்ஷ் தளத்தில் கோப்பு நகராது. பறக்கும் பணியில் இருப்பவர்கள் இதை இன்றே சரிபார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் விண்ணப்பத்தில் உதவும்.

மேலே சொன்ன 2001 ஆணை படையினருக்கு மட்டுமே. 2002 மே மாதம் ஜலந்தரில் மிக்-21 ஒன்று வங்கிக் கட்டடத்தில் விழுந்து தரையில் இருந்தவர்கள் இறந்தார்கள். அத்தகைய குடும்பங்களுக்கான இழப்பீட்டை அரசு தனியாகத்தான் முடிவு செய்யும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் துறைக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அங்கும் கிடைக்காவிட்டால் இறுதி உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதன் அமர்வு சென்னையிலும் இருக்கிறது.