ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்…

‘பாசிட்டிவா இருங்க’ என்று எல்லாருக்கும் அறிவுரை சொல்கிறோம். அதே சொல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிடுகிறது. ஆய்வகத்தில் அன்றாடம் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவள் நான். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: தேடியது இருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்பது, எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது.

ரத்த வகையில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. ‘ஓ பாசிட்டிவ்’ என்றால் சிவப்பணுக்களின் மேல் ‘டி’ ஆன்டிஜென் என்ற ஒரு புரதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

குழப்பம் உச்சத்துக்குப் போவது, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-யில். ‘எச்பிஎஸ்ஏஜி’ பாசிட்டிவ் என்றால் உடம்பில் வைரஸ் இருக்கிறது. மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். ‘ஆன்டி-எச்பிஎஸ்’ பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸை எதிர்க்கும் ஆன்டிபாடி இருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். வேலையில் சேரும் முன் பரிசோதனை செய்துகொண்ட இளைஞர் ஒருவர் போனில் ரிப்போர்ட்டைக் காட்டி, “வீட்டுல என் டவலைக்கூடத் தனியா வெச்சுட்டாங்க டாக்டர்” என்றார். பார்த்தால் அது ஆன்டி-எச்பிஎஸ். 10 அலகு இருந்தாலே பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. அவருக்கு 300-ஐத் தாண்டியிருந்தது. முன்பு போட்டுக்கொண்ட தடுப்பூசி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது! அதைச் சொன்ன பிறகும் “ஆனா பாசிட்டிவ்னு போட்டிருக்கே” என்றார்.

ஹெபடைட்டிஸ் சி வேறு மாதிரி. மருந்தில் முழுக்கக் குணமானவர்களுக்கும் ஆன்டிபாடி பரிசோதனை பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே வரும். வைரஸ் இப்போதும் இருக்கிறதா என்று சொல்வது, அதன் மரபுப்பொருளைத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான். குணமானவர்கள் ஆன்டிபாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கலங்குவது வீண் செலவு.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் ஒரே தாளில் இரண்டு பாசிட்டிவ் வரலாம். ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்றால் அந்தக் கட்டி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை நம்பி வளர்வது; டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகளுக்குக் கட்டுப்பட வாய்ப்பு உண்டு. ‘மார்ஜின் பாசிட்டிவ்’ என்றால் வெட்டியெடுத்த பகுதியின் விளிம்பிலேயே புற்றணுக்கள் தெரிகின்றன. மறு அறுவை தேவைப்படலாம். முன்னதைப் பார்த்து மருத்துவர் நிம்மதியாவார், பின்னதைப் பார்த்து யோசிப்பார்.

அடுத்தது, இல்லாததை இருப்பதாகக் காட்டும் பாசிட்டிவ். 1,000 பேரில் ஒருவருக்கு மட்டுமே உள்ள ஒரு நோயைத் தேடுகிறோம் என்று வையுங்கள். அந்த ஒருவரைப் பரிசோதனை சரியாகப் பிடித்துவிடுகிறது. நோயில்லாதவர்களில் 100-க்கு ஒருவரைத்தான் தவறாகக் காட்டுகிறது. அப்படியும் 999 பேரில் சுமார் 10 பேருக்குப் பொய்யாகப் பாசிட்டிவ் வரும். பாசிட்டிவ் வந்த 11 பேரில் உண்மையான நோயாளி ஒருவர்தான். எச்ஐவி-க்கு முதல் பரிசோதனையை மட்டும் வைத்து முடிவு சொல்லாமல், வேறு பரிசோதனைகளாலும் உறுதிசெய்வது இதனால்தான்.

நெகட்டிவை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. என் அனுபவத்தில் அதுதான் கூடுதல் ஆபத்து. டெங்குவுக்குத் தேடும் ‘என்எஸ்1’ என்ற வைரஸ் புரதம் காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகப் பிடிபடும். ஆறாம் ஏழாம் நாளில் எடுத்து நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று அர்த்தமில்லை. அப்போது ‘ஐஜிஎம்’ என்ற ஆன்டிபாடியைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் தணிந்த பிறகும் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றிருந்தால் கையில் எந்த ரிப்போர்ட் இருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.