உம்வெல்ட்னா என்ன, தமிழ்ல அதை எப்படிச் சொல்றது?

விலங்குகளோட புலன்கள் பத்தியோ, மனசு வெளியுலகத்தை எப்படிப் புடிச்சு வச்சுக்குதுங்கறத பத்தியோ எதைப் படிச்சாலும் உம்வெல்ட்னு ஒரு ஜெர்மன் சொல் நடுவுல எட்டிப் பாக்கும். தமிழ்ல எழுதுறவங்க சில பேர் அதை அப்படியே விட்டுடுறாங்க, சில பேர் சுற்றுச்சூழல்னு போட்டுட்டுப் போயிடுறாங்க. அப்படியே விட்டா ஒண்ணும் குடி முழுகிடாது, ஆனா சுற்றுச்சூழல்னு போட்டா சொல்ல வந்த விஷயமே தலைகீழாயிடும்.

பிறப்பு ரொம்ப சிம்பிள்தான். உம்னா சுத்தி, வெல்ட்னா உலகம், சேத்தா சுத்தி இருக்கற உலகம். யென்ஸ் பாகெசன்ங்கற டேனிஷ் கவிஞர் 1800ல ஜெர்மன்ல எழுதின ஒரு கவிதையில இந்தச் சொல் வருது. இன்னிக்கு ஜெர்மனியில சாதாரணமா யாராவது உம்வெல்ட்னு சொன்னா காடு, ஆறு, காத்து, மாசு இதெல்லாம்தான் அர்த்தம், 1974ல அங்க ஆரம்பிச்ச மத்திய சுற்றுச்சூழல் அலுவலகத்தோட பேர்லயே இந்தச் சொல் இருக்கு. அதனால அகராதியப் பாத்து சுற்றுச்சூழல்னு போட்டவங்களையும் ரொம்பத் திட்ட முடியாது.

ஆனா உயிரியல்ல இதுக்கு வேற அர்த்தத்தைக் கொடுத்து உக்கார வச்சவர் ஒருத்தர் இருக்கார், யாகோப் ஃபோன் யுக்ஸ்க்யூல். 1864ல எஸ்டோனியாவுல ஒரு ஜெர்மன் குடும்பத்துல பிறந்தவர், அப்ப அது ரஷ்யப் பேரரசுக்குள்ள இருந்துச்சு. கடல் பிராணிகளோட தசையையும் நரம்பையும் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருந்த மனுஷன், 1909ல விலங்குகளோட உம்வெல்ட்டும் உள்ளுலகமும்னு தலைப்பு வச்சு ஒரு புத்தகம் போட்டார், 1926ல ஹாம்பர்க் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே தனியா ஒரு ஆய்வு நிலையமும் வந்துச்சு. 1934ல பொதுமக்கள் படிக்கற மாதிரி படமெல்லாம் போட்டு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். இந்தச் சொல் ஊரெல்லாம் சுத்தினதுக்கு அந்தப் புத்தகம்தான் பெரிய காரணம், அதுல வர்ற உண்ணி இல்லாம உம்வெல்ட்ட விளக்குறவங்களே கிடையாது, நானும் அதுல இருந்து தப்பிக்கப் போறதில்ல.

ஐரோப்பியக் காட்டுல புதர்லயும் புல்லுலயும் இருக்கற உண்ணி. பெட்டை உண்ணி இனச்சேர்க்கை முடிஞ்சதும் ஒரு கிளை நுனிக்கு ஏறி உக்காந்துக்கும். அதுக்குக் கண்ணு கிடையாது, காதும் கேக்காது, தோல்ல வெளிச்சம் படுறது மட்டும் தெரியும், அதை வச்சுத்தான் மேல ஏறுது. அந்தக் காட்டுல பறவை கத்துது, பூ பூக்குது, நிலா வருது, எதுவும் அதுக்கு இல்லவே இல்ல. கீழ ஒரு மானோ நாயோ போகும்போது அதோட தோல்ல இருந்து பியூட்ரிக் அமிலத்தோட வாசனை வரும் (ஊசிப்போன வெண்ணெய்ல ஒரு நாத்தம் வருமே, அதேதான்), அது வந்ததும் உண்ணி பிடிய விட்டு விழும். விழுந்த இடத்துல முடி தட்டுப்பட்டா நகர ஆரம்பிக்கும், முடி இல்லாத கதகதப்பான இடம் வந்ததும் மூஞ்சிய உள்ள நுழைச்சு உறிஞ்சும். ரத்தத்தோட ருசியெல்லாம் அதுக்குத் தெரியாது, ஒரு சவ்வுக்குப் பின்னாடி வேற எந்தத் திரவத்தை அந்தச் சூட்டுல வச்சாலும் குடிக்கும்னு சோதனை பண்ணிப் பாத்தத எழுதியிருக்கார். வாசனை, முடி, சூடு. இந்த மூணு குறிதான் அந்த உண்ணியோட மொத்த உலகம், அதாவது அதோட உம்வெல்ட்.

இப்ப இருக்கற உண்ணி ஆராய்ச்சிக்காரங்க இதைப் படிச்சா கொஞ்சம் சிரிப்பாங்க, ஏன்னா உண்ணி மேல இருந்து குதிக்கறது இல்ல, முன்னங்காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கும், உரசிட்டுப் போற பிராணி மேல தொத்திக்கும், நம்ம மூச்சுல வர்ற கரியமில வாயுவையும் அது மோப்பம் பிடிக்கும். குறி மூணுக்குப் பதிலா நாலஞ்சுன்னு வச்சுக்கிட்டாலும் அவர் சொன்ன அடிப்படை மாறல.

அந்த அடிப்படை என்னன்னா, வெளிய இருக்கறதையெல்லாம் உயிர் போட்டோ எடுக்கற மாதிரி அப்படியே உள்ள வாங்கிக்கறதில்ல, தன் பிழைப்புக்கு எது வேணுமோ அதை மட்டும் குறியா எடுத்துக்குது, அந்தக் குறிகளால கட்டினதுதான் அதோட உலகம். வெளிய நின்னு நாம பாக்கற காட்டுக்கு அவர் வேற பேர் வச்சார், உம்கேபுங், அதாவது சுற்றுப்புறம். சுற்றுப்புறம் ஒண்ணுதான், அதுக்குள்ள எத்தனை உயிரோ அத்தனை உம்வெல்ட். இன்னொண்ணும் சொன்னார், இதைத்தான் நிறைய பேர் விட்டுடுறாங்க: உம்வெல்ட்டுக்கு ரெண்டு பாதி. உணர்ற பாதிக்கு மெர்க்வெல்ட், செயல்படுற பாதிக்கு விர்க்வெல்ட். உண்ணிக்கு வாசனை வர்றது முதல் பாதி, கால் பிடிய விடுறது ரெண்டாவது பாதி, விழுந்து முடியில பட்டதும் வாசனைக்கு வேலை முடிஞ்சது, இப்ப முடி ஒரு குறி, அதுக்கு நகர்றது பதில், இப்படி ஒரு வட்டமாவே ஓடுது.

நம்ம வீட்டுப் பூனையையே எடுத்துக்கலாம். பூனைக்கு இனிப்பு தெரியாது. இனிப்பை உணர்ற ஏற்பிய உண்டாக்கற மரபணுக்கள்ல ஒண்ணு பூனைக் குடும்பத்துலயே கெட்டுப்போய்க் கிடக்குன்னு 2005ல கண்டுபிடிச்சாங்க. பாயசத்தை நக்கிக் குடிக்குதேன்னா அது பாலுக்காகவும் கொழுப்புக்காகவும்தான் இருக்கும், அந்தக் கிண்ணத்துல சர்க்கரைங்கற ஒண்ணு பூனைக்கு இல்ல. அதே மாதிரி நமக்குச் சும்மா மஞ்சளாத் தெரியற சில பூக்கள்ல தேனீக்குப் புறஊதாவுல கோலம் போட்ட மாதிரி தெரியும், நம்ம கண்ணுக்கு அந்தக் கோலம் இல்ல.

மனுஷனும் இதுக்கு விதிவிலக்கு இல்லன்னு சொல்ல அவர் தன் கதை ஒண்ணையே எழுதியிருக்கார். நண்பர் வீட்டுல தங்கியிருந்தப்ப சாப்பாட்டு மேஜையில அவர் இடத்துக்கு எதுக்க தினமும் ஒரு மண்ஜாடியில தண்ணி இருக்கும். ஒரு நாள் வேலைக்காரர் அதை உடைச்சுட்டு, பதிலுக்குக் கண்ணாடி ஜாடிய வச்சுட்டார். இவர் தண்ணி எங்கன்னு தேடுறார், கண்ணு முன்னாடியே இருக்கு, தெரியல. நண்பர் சொன்னதுக்கு அப்புறம்தான், தட்டுலயும் கத்தியிலயும் சிதறிக் கிடந்த பளபளப்பெல்லாம் ஒண்ணு சேந்து ஜாடியாச்சாம். மனசுல மண்ஜாடியோட தேடல் படம் இருந்ததால கண்ணாடி ஜாடி அழிஞ்சே போச்சுங்கறார். மிளகாய்த்தூள எப்பவும் வைக்கற டப்பாவ விட்டு வேற டப்பாவுல மாத்தி வச்சுட்டு வீட்டுல யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லிப் பாருங்க, இது புரியும்.

அப்ப இது கிணத்துத் தவளை கதைதானேன்னு கேப்பாங்க. இல்ல. தவளை கிணத்த விட்டு வெளிய வந்தா குளத்தைப் பாக்கும், அது தெரியாமையப் பத்தின கிண்டல். உம்வெல்ட்ட விட்டு யாராலயும் வெளிய வர முடியாது, கருவி வச்சு அளந்தாலும் அந்தக் கருவியோட முள்ள நம்ம கண்ணாலதான் பாக்கணும்.

சரி, தமிழுக்கு வருவோம். சுற்றுச்சூழல் ஏன் ஆகாதுன்னு இப்பத் தெரிஞ்சிருக்கும், அது எல்லாருக்கும் பொதுவானது, கிட்டத்தட்ட உம்கேபுங். அகவுலகும் ஆகாது, 1909 புத்தகத் தலைப்புலயே உள்ளுலகம்னு தனியா ஒண்ணு எதுக்க நிக்குது. புலனுலகு கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அது மெர்க்வெல்ட்ட மட்டும்தான் சொல்லுது, உண்ணி விழுறதும் நகர்றதும் அதுல வரல. என் ஓட்டு சூழுலகுக்கு. வினைத்தொகை, சொல்லுக்குச் சொல் மூலத்தோட பொருந்துது, அது மட்டும் இல்ல, சூழ்ங்கற வினைக்குத் தமிழ்ல சுத்தி நிக்கறது ஒரு பொருள், எண்ணுறது, திட்டம் போடுறது இன்னொரு பொருள். ஊழிற் பெருவலி யாவுள குறள்ல மற்றொன்று சூழினும்னு வர்றது இந்த ரெண்டாவது பொருள்தான், சூழ்ச்சி வந்ததும் இதுல இருந்துதான். ஒரு உயிரைச் சூழ்ந்த உலகம், அது தனக்காகச் சூழ்ந்துக்கிட்ட உலகம்னு ரெண்டு பக்கமும் வர்ற வசதி ஜெர்மன் சொல்லுக்கே கிடையாது. சூழ்ச்சின்னா இன்னிக்கு சதின்னு ஆயிடுச்சேன்னு தயங்கறவங்க இருப்பாங்க, சூழல்னு தினமும் சொல்றோமே, அதுல சதி வாடை வரலையே.

உலகம்ங்கறத பன்மையில சொன்னா தமிழ்க் காதுக்கு ஒட்டுமான்னும் கவலை வேண்டாம். காடுறை உலகம், மைவரை உலகம், தீம்புனல் உலகம், பெருமணல் உலகம்னு ஒவ்வொரு நிலத்தையும் தனித்தனி உலகம்னே தொல்காப்பியம் சொல்லுது. தொல்காப்பிய மரபியல்ல ஓரறிவு உயிர்ல இருந்து ஆறறிவு வரைக்கும் பிரிச்சது இருக்கே, உம்வெல்ட்ட நாங்க அப்பவே சொல்லிட்டோம்னு ஆரம்பிக்கறவங்களோட மட்டும் நான் ஒத்துப்போக மாட்டேன். புலனை வச்சு உயிரை வகுத்தது அருமையான பார்வை, சிதலும் எறும்பும் மூவறிவுன்னு சொன்னதுல அவங்க பூச்சிகள உத்துப் பாத்தது தெரியுது. ஆனா அது ஏணி, மேல போகப் போக ஒரு புலன் கூடும். யுக்ஸ்க்யூல் கிட்ட ஏணி இல்ல. மூணே குறி இருக்கற உண்ணியும் தன் உலகத்துல முழுசாப் பொருந்தித்தான் இருக்கு, அதுக்கு எதுவும் குறையலங்கறார்.

ஆக உம்வெல்ட்டுக்கு சூழுலகு, அதோட ரெண்டு பாதிக்கும் உணருலகு, வினையுலகு, வெளிய நின்னு பாக்கறதுக்கு சுற்றுப்புறம்னு வச்சுக்கிட்டா கட்டுரை எழுதுறப்ப எதுவும் இடிக்காது. சுற்றுச்சூழல மாசுக் கட்டுப்பாட்டுக்காரங்க கிட்டயே விட்டுடலாம்.