யாரும் தொடாமலே அறுந்த நாண்

நியூ ஜெர்சியிலிருந்து வாசகர் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். ஜூலை கடைசி வந்துவிட்டால் அவர் அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாதாம். அமெரிக்கக் கால்பந்து அணிகளின் பயிற்சி முகாம் தொடங்கும் நேரம் அது. ஒவ்வோர் அணியும் 90 பேரோடு முகாமுக்குள் போகும். ஆகஸ்ட் முடிவதற்குள் அதை 53 பேராகக் குறைக்க வேண்டும். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்று ரசிகர்கள் தேர்தல் நேரத்துத் தொகுதிப் பங்கீடு மாதிரி கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அத்தனை கணக்கையும் ஒரு நொடியில் கலைத்துப் போடுவது காயம். "மோதி விழுந்து கால் உடைந்தால் எனக்குப் புரிகிறது. பக்கத்தில் ஆளே இல்லாதபோது, ஓடுவதற்கு அடியெடுத்து வைத்தவர் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். குதிகால் நரம்பு அறுந்துவிட்டது, இந்த வருஷம் ஆட மாட்டார் என்கிறார்கள். அது எப்படி?" என்று கேட்டிருந்தார். அலுவலகத்தில் ஒரு கட்சி பயிற்சியாளரைத் திட்டுகிறது, இன்னொரு கட்சி செயற்கைப் புல்லைத் திட்டுகிறது, மூன்றாவது கட்சி அணிக்கே சாபம் என்கிறதாம்.

முதலில் ஒரு திருத்தம். அது நரம்பு இல்லை. தோலுக்கடியில் கயிறு மாதிரித் தட்டுப்படுகிற எதையும் நரம்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். நரம்பின் வேலை செய்தி கொண்டுபோவது. இது தசையை எலும்போடு கட்டிவைக்கும் தசைநாண். கெண்டைச்சதையில் கைவைத்து மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். மெத்தென்றிருந்த சதை ஒடுங்கி, குதிகாலுக்குச் சற்று மேலே கெட்டியான வார் போல ஒன்று விரலில் சிக்கும். அதுதான் குதிநாண். மருத்துவர்கள் அக்கிலிஸ் என்பது இதைத்தான். நம் உடம்பில் உள்ள தசைநாண்களில் இதுவே தடிமனானது, வலுவானது.

நாண் என்ற பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். வில்லில் ஆற்றலைத் தேக்கிவைப்பது வளைகிற மரம்தான், நாண் அதை அம்புக்குக் கடத்துகிறது. குதிகாலிலோ நாணே வில்லாகவும் இருக்கிறது. கால் தரையில் பதியும்போது அது இழுபட்டு ஆற்றலை வாங்கி வைத்துக்கொள்கிறது. தரையை விட்டுக் கிளம்பும்போது சுருங்கி, வாங்கியதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. ஓடும் மனிதரின் ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 100 ஜூல் ஆற்றல் கைமாறுகிறது என்றும், அதில் 35 ஜூல் இந்த நாணின் வழியாகவே போய் வருகிறது என்றும் 1987-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்த வசதி இல்லாவிட்டால் அந்த 35 ஜூலையும் தசையே ஒவ்வோர் அடிக்கும் புதிதாகச் செலவழிக்க வேண்டியிருக்கும்.

சரி, அறுவது எப்படி? நாணின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். முறுக்கிய இழைகள் சேர்ந்து புரியாகி, புரிகள் சேர்ந்து கயிறாகும் அதே ஏற்பாடு. ஓய்வில் இருக்கும்போது அந்த இழைகள் லேசாக நெளிந்து கிடக்கும். இழுத்தால் முதல் 2 சதவீத நீட்சியில் நெளிவு மட்டும் நேராகும். அதற்கு மேல் இழையே இழுபடும். 4 சதவீதத்தைத் தாண்டும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் இழைகள் பிய்யத் தொடங்குகின்றன. 8 சதவீதத்தை நெருங்கினால் கயிறே போய்விடும். வேகமாக ஓடும்போது இதன் மேல் 9,000 நியூட்டன் வரை விசை விழுவதை நேரடியாக அளந்திருக்கிறார்கள். உடல் எடையைப் போல 12 மடங்கு. நாண் அன்றாடம் அபாய எல்லைக்குப் பக்கத்திலேயே வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதில் மோசமான கட்டம் எது என்றால், வீரர் நின்ற இடத்திலிருந்து பாயும் அந்த முதல் நொடி. ஒரு காலைப் பின்னால் ஊன்றுகிறார், குதிகால் தரையை நோக்கி இறங்குகிறது, முழங்கால் நிமிர்கிறது, அதே சமயம் கெண்டைச்சதை முழு மூச்சாகச் சுருங்குகிறது. மேலிருந்து தசை இழுக்கிறது, கீழே எலும்பு எதிர்ப்பக்கம் போகிறது. நீண்டுகொண்டே சுருங்க முயலும் தசை, சும்மா சுருங்கும் தசையைவிட அதிக விசை தரும். அத்தனையும் நடுவில் இருக்கும் நாணின் மேல் விழுகிறது. இதற்கு எதிராளி யாரும் தேவையில்லை. அறுந்த பலரும் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது என்றும், திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்றும் சொல்வார்கள்.

ஆனால் எல்லாரும்தான் தினமும் அப்படிப் பாய்கிறார்கள். சிலருக்கு மட்டும் ஏன் அறுகிறது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த ஆராய்ச்சி வருகிறது.

1955-க்கும் 1963-க்கும் இடையில் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தன. அதன் விளைவாகக் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறத்தாழ இரட்டிப்பானது. 1963-இல் ஒப்பந்தம் போட்டுத் திறந்தவெளிச் சோதனைகளைப் பெரும்பாலும் கைவிட்டதும், அந்தக் கார்பன் கடலுக்குள்ளும் மரஞ்செடிகளுக்குள்ளும் போய், காற்றில் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது. செடி அந்தக் காற்றைச் சாப்பிடுகிறது, நாம் செடியைச் சாப்பிடுகிறோம். அதனால் உடம்பில் ஒரு திசு எந்த ஆண்டில் உருவானதோ அந்த ஆண்டின் கார்பன்-14 அளவு, தபால் முத்திரை போல அதில் பதிந்துவிடுகிறது. திசு பழையதைக் கழித்துப் புதியதை வைத்துக்கொண்டே இருந்தால் முத்திரை மாறிக்கொண்டே வரும். மாறாவிட்டால், அன்று உருவானதே இன்னும் இருக்கிறது என்று பொருள்.

டென்மார்க் ஆய்வாளர்கள் இறந்தவர்கள் 28 பேரின் குதிநாண்களில் இந்த முத்திரையைப் படித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தசை தன்னைத் தொடர்ந்து புதுப்பித்துக்கொண்டிருந்தது. நாணின் நடுப்பகுதியிலோ, அந்த மனிதர் சுமார் 17 வயதுவரை வளர்ந்த காலத்துக் கார்பன் அப்படியே இருந்தது. அதாவது உயரம் வளர்ந்து முடியும்போது போட்ட கயிறுதான் கடைசிவரை. ஐம்பது வயதில் நான் மாடிப்படி ஏறும்போது என்னைத் தூக்குவது பிளஸ் டூ படித்த காலத்து நாண். இதைப் படித்த அன்று குதிகாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நாணின் வெளிப்புற உயிரணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, பயிற்சிக்கு ஏற்ப நாண் கொஞ்சம் விறைப்பாகவும் ஆகிறது. ஆனால் அது மாதக்கணக்கில் நடக்கும் மெதுவான வேலை. ரத்த ஓட்டமும் குறைவு, அதிலும் குதியெலும்புக்கு மேலே 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையுள்ள பகுதியில் ரொம்பவே குறைவு. பெரும்பாலும் அறுவதும் அங்கேதான். அறுந்த 891 தசைநாண்களை நுண்ணோக்கியில் பார்த்த ஓர் ஆய்வு 1991-இல் வந்தது. அவற்றில் 97 சதவீதத்தில் ஏற்கெனவே சிதைவு இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதற்கு முன் வலியே இருந்ததில்லை. கயிறு உள்ளுக்குள் நைந்துகொண்டே வந்திருக்கிறது, சொந்தக்காரருக்குத் தெரியவில்லை.

இனி அலுவலகச் சண்டைக்கு வருவோம். பயிற்சியாளரைத் திட்டும் கட்சி 2011-ஐ நினைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் ஒப்பந்தம் படியாமல் மார்ச்சில் கதவடைப்பு. ஜூலை 25 வரை வீரர்கள் அணியின் மைதானத்துக்கோ உடற்பயிற்சி ஆசிரியர்களிடமோ போக முடியவில்லை. ஒப்பந்தம் ஆனதும் நேராகப் பயிற்சி முகாம். முதல் 12 நாட்களில் 10 பேருக்குக் குதிநாண் அறுந்தது. 32 அணிகள் உள்ள அந்த லீக்கில் இது வழக்கத்தைவிட மிக அதிகம். எண்ணிக்கை சிறியது, இதை வைத்து நிரூபித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் கணிப்பு இதுதான்: வீட்டில் தனியாக எடை தூக்கியவர்களுக்குத் தசை சில வாரங்களில் ஏறிவிட்டது. திடீர்ப் பாய்ச்சலுக்கு நாணைப் படிப்படியாகப் பழக்க அவகாசம் கிடைக்கவில்லை. இப்போது முகாமின் முதல் சில நாட்கள் கவச உடை இல்லாமல் லேசாகத்தான் ஆடுகிறார்கள். "முகாமில் ஒன்றுமே நடக்கவில்லை, சோம்பேறிகள்" என்று அப்போது ரசிகர்கள் பொறுமை இழப்பது நியாயமில்லை.

செயற்கைப் புல் கட்சியிடமும் ஒரு பிடி உண்மை இருக்கிறது. 2023 செப்டம்பர் 11 அன்று நியூ யார்க் ஜெட்ஸ் அணிக்காக நட்சத்திர வீரர் ஆரன் ராட்ஜர்ஸ் இறங்கிய முதல் போட்டியில், அவர் ஆடிய நான்காவது நகர்விலேயே இடது குதிநாண் அறுந்தது. வயது 39. மைதானம் செயற்கைப் புல். சண்டை அதிலிருந்து இன்னும் சூடாகிவிட்டது. இயற்கைப் புல்லில் ஆணிக்காலணி சிக்கினால் மண் பெயர்ந்து காலை விட்டுவிடும். செயற்கைத் தரை அவ்வளவு எளிதில் விடுவதில்லை. 2012 முதல் 2016 வரையான இந்த லீக்கின் போட்டிகளை அலசியதில், செயற்கைத் தரையில் கால் காயங்கள் 16 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஆகவே தரை ஒரு காரணம். முழுக் காரணம் இல்லை.

சாபம்? அந்த நாட்டிலும் கண்ணேறு உண்டு. மேடன் என்ற கால்பந்து வீடியோ விளையாட்டின் அட்டையில் யார் படம் வருகிறதோ அவர் அடிபடுவார் என்று பல்லாண்டுகளாக நம்புகிறார்கள். 2003-இல் மைக்கேல் விக் அட்டையில் வந்தார், ஆகஸ்ட் மாத முன்னோட்டப் போட்டியில் கால் எலும்பு உடைந்தது. நம்பிக்கைக்கு அது போதும். அட்டைக்கு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்? அதிகம் ஆடுபவரை, பந்து அதிகம் கைக்கு வருபவரை. இந்த ஆட்டத்தில் அப்படிப்பட்டவர் ஒரு பருவத்தில் அடிபடாமல் இருப்பதுதான் அரிது. திருஷ்டி சுற்றிப் போடுவதால் யாருக்கும் கெடுதல் இல்லை என்பார்கள். இருக்கிறது, காரணத்தைத் தேடுவதை அது நிறுத்திவிடுகிறது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் ஒரு விஷயம் நேரடியாகவே இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் தசைநாண் அறும் ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-இல் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தது. அதிலும் அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும், கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். சில வருஷம் முன்பு எனக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது, மருந்துக்கடையில் சீட்டு எதுவும் கேட்காமல் அதே மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தார்கள். நானும் வாங்கி விழுங்கினேன். மருத்துவர் எழுதிக்கொடுத்தால் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். அந்த நாட்களில் குதிகாலில் வலி வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றில் கார்பன்-14 எவ்வளவு என்று ஆண்டுதோறும் அளந்து குறித்து வைத்தவர்கள் யாரும் குதிகாலை நினைத்து அதைச் செய்யவில்லை. அந்தக் குறிப்பேடு இல்லையென்றால் டென்மார்க்கில் அந்த ஆராய்ச்சியே நடந்திருக்காது. "இதனால் என்ன பயன்?" என்று முதல் நாளே கேட்டு நிதியை வெட்டும் நிர்வாகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஐம்பது ஆண்டு பொறுமையாக அளப்பதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்.

வாசகர் கடைசியாகக் கேட்டது: அறுந்தவர் பழையபடி ஆடுவாரா, அவருக்கு 53 பேரில் இடம் வைக்கலாமா? கேம் ஏக்கர்ஸ் கதையைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தைச் சுமந்துகொண்டு ஓடுபவர். 2021 ஜூலையில், முகாம் தொடங்கும் முன்பே குதிநாண் அறுந்தது. வயது 22. ஆண்டு முழுக்கப் போச்சு என்றார்கள், ஆகஸ்டில் சோனி மிஷெலை வேறு அணியிலிருந்து வாங்கிப் போட்டார்கள். ஆனால் ஏக்கர்ஸ் ஆறு மாதத்துக்குள், 2022 ஜனவரியிலேயே களத்துக்கு வந்துவிட்டார். அடுத்த மாதம் லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலிலும் ஆடினார், அணி கோப்பையை வென்றது. அந்தப் போட்டியில் அவர் 13 முறை பந்தைச் சுமந்து எடுத்தது 21 கெஜம். எதிரணியின் தடுப்பும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் தைத்து ஒட்டிய நாண் பல சமயம் பழைய நீளத்தைவிடச் சற்று நீண்டுதான் ஆறும். தளர்ந்த நாணை இழுத்து விறைப்பாக்கவே தசையின் சுருக்கத்தில் ஒரு பங்கு போய்விடும், உந்தித் தள்ள மிச்சம் குறைவு. ஓடலாம், ஆடலாம், அந்த முதல் பாய்ச்சல் மட்டும் திரும்பி வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம்.

அடுத்த முகாமில் உங்கள் வீரர் திரும்பி வரும்போது, நேர்கோட்டில் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்பதை விட்டுவிடுங்கள். ஓரத்தில் உடம்பைத் தளர்த்திக்கொள்ளும்போது ஒற்றைக்காலில் நின்று குதிகாலை உயர்த்துவார். அறுவை செய்த காலின் குதி மற்றக் காலின் அளவுக்கு உயருகிறதா என்று பாருங்கள்.