கொப்புளம் கிளம்புவது பெயிண்டிலிருந்து அல்ல

"அண்ணா, அடிச்சு மூணு மாசம்கூட ஆகல. நீங்களே தொட்டுப் பாருங்க."

சித்திரை வெயிலில் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அந்தத் தம்பி சொன்னார். தொலைதூரப் பயணத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் பைக்கில் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க். இரண்டு பக்கமும், முழங்கால் படும் இடத்தில், பெயிண்ட் பூரி மாதிரி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பவும் எழும்பியது. அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அன்று நான் பிரைமரைத்தான், அதாவது பெயிண்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சைத்தான், சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும் சுரண்டி, விலை கூடிய வேறு பிளாஸ்டிக் பிரைமர் வாங்கி, கூலி வாங்காமல் மறுபடி அடித்துக் கொடுத்தேன். ஐந்தே வாரத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம். இந்த முறை ஒன்றை ஊசியால் குத்தி முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை. டேங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் விரிசல் இல்லை, ஒழுகல் இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதைச் சென்னையில் பைக் வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போல ஸ்பிரே கன் பிடிக்கும் தொழிலாளிகளுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெருங்காயத்தைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி வைத்தாலும் அலமாரி முழுக்க மணக்கிறதல்லவா? பாலித்தீன் டேங்கில் நடப்பதும் அதுதான். பெட்ரோல் ஓட்டை வழியாக வருவதில்லை. பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே கரைந்து, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் ஆவியாக வெளியேறுகிறது. சூடு ஏற ஏற வேகம் கூடும். டேங்க் வெறுமனே இருந்தால் அந்த ஆவி காற்றில் கலந்துவிடும், யாருக்கும் தெரியாது. மேலே பெயிண்டும், பளபளப்புக்கான நிறமற்ற கிளியர் கோட்டும் போட்டு மூடிவிட்டால் ஆவி அந்தப் படலத்துக்கு அடியில் சேர்ந்து அதைத் தூக்குகிறது. பிரைமரையும் தளர்த்திவிடுகிறது. பெயிண்ட் எவ்வளவு உயர்ந்ததானாலும் உள்ளிருந்து தள்ளும் ஆவியை நாள் முழுக்கத் தாங்கிப் பிடிக்காது.

இந்தக் கசிவு உலகம் முழுக்கத் தெரிந்த ஒன்று. அமெரிக்காவில் 2008 மாடல் பைக்குகளிலிருந்து, டேங்க் சுவர் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 1.5 கிராமுக்கு மேல் பெட்ரோல் வெளியேறக் கூடாது என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அதற்காகத்தான் சில தயாரிப்பாளர்கள் பாலித்தீனுக்கு ஃப்ளோரின் வாயுவால் தடுப்புப் படலம் ஏற்றுகிறார்கள். சிலர் நைலானுக்கு மாறினார்கள். கார் டேங்குகளில் பல அடுக்குகளுக்கு நடுவே ஒரு தடுப்பு அடுக்கு வைக்கிறார்கள். கம்பெனியிலிருந்தே பெயிண்ட் அடித்து வரும் பிளாஸ்டிக் டேங்க் தாக்குப்பிடிக்கிறதென்றால் காரணம் இதுதான். கூடவே, அது பெயிண்ட் ஏறும் வரை ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூடப் பார்த்திருக்காது.

சரி, உங்கள் வண்டியில் இருப்பது என்ன? நம் ஊர்த் தெருவில் ஓடும் பைக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு இரும்பு டேங்க்தான். சில வண்டிகளில் டேங்க் என்று நாம் நினைப்பது வெறும் பிளாஸ்டிக் கவர். உண்மையான டேங்க் அதற்கு உள்ளே இருக்கும். ஓரத்தில் ஸ்குரூவும் இணைப்புக் கோடும் தெரிந்தால் அது கவர். அதற்குத் தாராளமாக அடிக்கலாம், பெட்ரோல் அதைத் தொடுவதே இல்லை. டேங்கே பிளாஸ்டிக் என்றால் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள். பெரும்பாலும் எழுத்து பொறித்திருக்கும். பிஇ (PE) அல்லது ஹெச்டிபிஇ (HDPE) என்றால் பாலித்தீன். பிஏ (PA) என்று தொடங்கினால் நைலான்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. தடுப்புப் படலம் இல்லாத பாலித்தீன் டேங்கைக் கொண்டுவந்தால் இப்போது நான் "வேண்டாம்" என்றுதான் சொல்கிறேன். வேலை கைவிட்டுப் போகிறதே என்று ஆரம்பத்தில் தயக்கம் இருந்தது, இப்போது இல்லை. புத்தம் புதிய டேங்காக இருந்தாலும் அடிக்கும் நாளில்தான் அழகாக இருக்கும். பெட்ரோல் நிரப்பிச் சில வாரமோ சில மாதமோ போனதும் அது தன் வேலையைக் காட்டும். உள்சுவரில் படலமாக இறுகும் எபாக்ஸி சீலரை உள்ளே ஊற்றிவிட்டால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். பாலித்தீனில் எதுவும் சரியாக ஒட்டாது. தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் போல உருண்டு ஓடும் பரப்பு அது. ஊற்றிய சீலர் நாளடைவில் செதிலாக உரிந்து பெட்ரோல் பம்ப்பை அடைத்தால் பெயிண்ட் போன செலவைவிட அது பெரிய செலவு.

ஒட்ட வைப்பதற்காக பாலித்தீன் பரப்பை நெருப்பில் வாட்டும் முறை ஒன்று உண்டு. தொழிற்சாலையில், பெட்ரோலே படாத புதுப் பொருளுக்குச் செய்வது அது. வீடியோ பார்த்துவிட்டு, ஓடிய வண்டியின் டேங்கில் இதைச் செய்துவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். காலி டேங்க்தான் நிரம்பிய டேங்கைவிட ஆபத்தானது. காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். சுவருக்குள் ஊறியிருக்கும் பெட்ரோல், கழுவிக் காயவைத்த டேங்கையும் மறுபடி ஆவியால் நிரப்பிவிடும். ஹாலஜன் விளக்கு வைத்துக் காயவைப்பதும் கூடாது.

நைலான் டேங்க் என்றால் முயற்சி செய்யலாம், ஆனால் பொறுமை வேண்டும். பெட்ரோலை முழுவதும் வடித்து, சோப்புத் தண்ணீரில் பலமுறை அலசி, மூடியையும் பம்ப்பையும் கழற்றித் திறந்தபடி விடவேண்டும். என் வழக்கம் குறைந்தது மூன்று வாரம். கொளத்தூரில் மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பம்ப்பைப் பத்தடி தள்ளி உயரமான இடத்தில் வைத்து, நீளக் குழாய் வழியாக டேங்கின் அடிவரை நல்ல காற்றை ஊதவிடுகிறேன். இது திறந்த மொட்டை மாடியிலோ நல்ல காற்றோட்டமுள்ள நிழலிலோதான் நடக்கவேண்டும். அபார்ட்மென்ட்காரர்கள் பலர் கழற்றிய டேங்கைக் கீழே மோட்டார் ரூமில் வைக்கிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆட்டோமேட்டிக் ஸ்விட்ச் ஒரு பொறி தட்டினால் போதும். பட்டறைகளில் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போதும் டேங்க் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது இது. டேங்கின் அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், உள்ளங்கை அளவு சாதாரண வைனல் ஸ்டிக்கரைக் குமிழ் இல்லாமல் ஒட்டி ஒரு வாரம் விடுவேன். குமிழ் எழும்பினால் இன்னும் ஆவி வருகிறது, பிரைமர் டப்பாவைத் திறக்கவே மாட்டேன். எழும்பவில்லை என்றால் தேய்த்து, துடைத்து, பிளாஸ்டிக் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், கிளியர் என்று மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் நடுவே நேரம் விட்டு அடிப்பேன். அடித்த பிறகும் ஒரு வாரம் பெட்ரோல் ஊற்றாமல் காயவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரைடுக்கு வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்துபவர்களிடம் நான் வேலை எடுப்பதில்லை.

நைலானுக்கு இன்னொரு சோதனையும் வந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பங்க்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். நைலான் ஈரத்தையும் எத்தனாலையும் உறிஞ்சி உப்பக்கூடியது. உப்பினால் டேங்க் லேசாக வடிவம் மாறி, போல்ட் துளைகள் பொருந்தாமல் போகும். மேலே இருக்கும் பெயிண்டும் இழுபடும். வண்டியை மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்துவதானால், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையில், டேங்கை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.

எல்லாக் கொப்புளமும் பெட்ரோல் கொப்புளம் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். அடித்த மறுநாளே குண்டூசி முனை போலப் பொடிப்பொடியாக வந்தால், கனமாக அடித்ததில் தின்னர் மாட்டிக்கொண்டது. குத்தினால் தண்ணீர் வந்தால் ஈரத்தின் மேல் அடித்திருக்கிறார்கள். சென்னை மழைக்காலத்தில் அதுவும் சகஜம். இரும்பு டேங்கில் மூடியைச் சுற்றி மட்டும் உப்பினால், பங்க்கில் கழுத்துவரை நிரப்பச் சொல்லி வழியவிட்ட பெட்ரோல் பெயிண்டின் ஓரத்தில் புகுந்திருக்கலாம். இவை மூன்றும் பெயிண்டர் கையிலோ ஓட்டுபவர் கையிலோ சரியாகக்கூடியவை. வெயிலில் நின்றால் பெருத்து, இரவில் அமுங்கி, குத்தினால் பெட்ரோல் வாடை அடிக்கும் கொப்புளம்தான் சுவர் வழியாக வருவது.

அந்தத் தம்பியின் டேங்க் பாலித்தீன். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயிண்டை முழுவதும் எடுத்து, அதன் பிறவி வெள்ளை நிறத்துக்கே கொண்டுவந்தேன். வேண்டிய இடத்தில் மட்டும், ஆவி வெளியேறுவதற்காகப் பொடித் துளைகள் இட்ட வைனல் ஸ்டிக்கர் ஒட்டினோம். மண் தடத்தில் ஓடும் மோட்டோகிராஸ் பந்தய வண்டிகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது அது. "கலர் போச்சேண்ணா" என்று முதலில் கொஞ்சம் வருத்தப்பட்டார். இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. போன மாதம் செயின் மாற்ற வந்தபோது, நானே குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். ஸ்டிக்கர் படிந்த மேனிக்கே இருந்தது.