மாடல், மாதிரி, மாதிரியுரு

2020 கடைசியில் கொரோனாத் தொற்று இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கமும் ஏறி வந்துவிட்டது. பக்கத்து லயத்துப் (தொழிலாளர் வரிசை வீட்டுப்) பெரியம்மா ஒருவர் பதினான்கு நாள் தனிமைப்படுத்தலை முடித்த கையோடு கைபேசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். யாரோ அனுப்பிய செய்தித் துணுக்கு. ‘கொரோனா மாதிரிகள் பிழை: விஞ்ஞானிகள்’ என்று தலைப்பு.

“அப்ப எனக்கு வந்தது கொரோனா இல்லைங்களா மாஸ்டர்? மூக்குல குச்சிய விட்டு எடுத்தாங்களே, அந்த மாதிரிதான பிழைன்னு போட்டிருக்கு?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்தக் காலத்தில் ‘மாதிரி’ என்ற சொல் எங்கள் காதில் ஒரே பொருளில்தான் விழுந்துகொண்டிருந்தது. பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து மாதிரி எடுத்தார், மாதிரி அனுப்பியாயிற்று, மாதிரியின் முடிவு வரவில்லை. ஆனால் அந்தச் செய்தி குச்சியைப் பற்றியதல்ல. தொற்று எப்படிப் பரவும் என்று கணிதத்தால் கணக்கிட்டுப் பார்க்கும் ‘மாடல்’களைப் பற்றியது. மொழிபெயர்த்தவர் மாடலை மாதிரி ஆக்கினார், பெரியம்மாவின் பதினான்கு நாள் கேள்விக்குறி ஆனது.

சரி, மாடல் என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இலத்தீனில் ‘மோடுஸ்’ என்றால் அளவு. அதன் சிறுமை வடிவம் ‘மோடுலுஸ்’, சிற்றளவு. அது இத்தாலிய மொழியில் ‘மொதெல்லோ’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வார்ப்பு அச்சைக் குறிக்கும் ‘மோல்ட்’, ‘மொடியூல்’ இரண்டும் அதே குடும்பத்துப் பிள்ளைகள்தான். முதலில் இது கட்டடக்காரர்களின் சொல். 1418இல் பிளோரன்ஸ் நகரத் தேவாலயத்துக் குவிமாடத்தை எப்படிக் கட்டுவது என்று போட்டி வைத்தபோது, புருனெலெஸ்கி செங்கல்லால் சின்னதாக ஒன்றைக் கட்டிக் காட்டினார். அதுதான் மொதெல்லோ. பெரியதைக் கட்டும் முன் சிறியதில் பார்த்துக்கொள்வது. கல்லுக்கும் செங்கல்லுக்கும் பதிலாகச் சமன்பாடுகளால் கட்டினால் அது கணித மாடல்.

‘மாதிரி’யோ நம் வீட்டுச் சொல். மலையாளத்திலும் தெலுங்கிலும் மாதிரி, கன்னடத்தில் மாதரி. நான்கு மொழிக்காரரும் பங்குபோட்டுக்கொண்ட சொல் என்பதாலோ என்னவோ, அதன் தலையில் ஏகப்பட்ட சுமை. ‘அது மாதிரி’ என்றால் போல. ‘ஒரு மாதிரி இருக்கு’ என்றால் உடம்போ மனசோ சரியில்லை. ‘ஒரு மாதிரியான ஆள்’ என்றால் எட்டி நிற்பது நல்லது. மாதிரி வினாத்தாள் என்றால் வரப்போகும் பரீட்சைக்கு ஒத்திகை. இவ்வளவும் போதாதென்று கூறு எடுத்துச் சோதிப்பதையும் கணித மாடலையும் அதே தலையில் ஏற்றினால் கழுத்து முறியாதா?

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேயிலைத் தொழிற்சாலையை வைத்துச் சொன்னால் எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளங்கும். தூளை ஏலத்துக்கு விடும் முன் கொழும்பிலுள்ள தரகர்களுக்குச் சாம்பிள் போகும். ருசி பார்ப்பவர் ஒரு சிட்டிகையை ஊறவைத்து, உறிஞ்சி, துப்பிவிட்டு அந்தத் தொகையின் தரத்தைச் சொல்லிவிடுவார். அந்தச் சிட்டிகை அந்தத் தூளிலிருந்தே எடுத்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தான். மாதிரி, பொருளிலிருந்து எடுப்பது.

மாடல் அப்படி இல்லை. அது பொருளின் துண்டு அல்ல, வேறொன்றால் ஆன உரு. மாசியில் நம் தோட்டங்களில் நடக்கும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மதன் வேடம் கட்டியவர் மதன் அல்ல, நேற்றுவரை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு பிடித்தவராகக்கூட இருக்கலாம். ஆனாலும் மதன் எரிந்தால் ரதிக்கு என்ன ஆகும் என்பதை அவர் நம் கண்முன் நடத்திக் காட்டுகிறார். மாடல், பொருளுக்குப் பதிலாக நிற்பது.

இதைச் சொன்னதும் பெரியம்மா நிம்மதியாகப் போய்விட்டார். தன் மூக்கிலிருந்து எடுத்தது சரியானதுதான் என்பது அவருக்குப் போதுமாக இருந்தது. எனக்குத்தான் போதவில்லை.

இலங்கைப் பாடநூல்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. புள்ளிவிபரவியலில் மாதிரி, மாதிரியெடுப்பு. அணுவுக்கோ பொருளாதாரத்துக்கோ மாடல் சொல்லும்போது ‘மாதிரியுரு’. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்த எந்தப் பிள்ளையும் அணு மாதிரியுருவைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கும். இந்தியத் தமிழில் இரண்டுக்கும் மாதிரியே போதும் என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. அங்கிருந்து வரும் செய்திகளை அப்படியே எடுத்துப் போடும்போதுதான் இங்கே குழப்பம். மாதிரியுருவில் வேலை செய்வது பின்பாதிதான். உரு என்றால் கண்ணுக்குத் தெரியும் வடிவம். கண்ணுக்குத் தெரியாத பரவலுக்கு ஓர் உருக் கொடுப்பது என்று விரித்தால், சமன்பாடு எழுதுகிறவர் செய்யும் வேலை அதில் அப்படியே அடங்கிவிடுகிறது. ‘ஒப்புரு’ என்றும் சொல்லலாம், அழகான சொல்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ஊன்றிய கன்றைப் பிடுங்கிவிட்டு வேறொன்று நடுவானேன்?

தொற்றுக்கு உருக் கொடுத்த வேலையில் மிகவும் பேசப்படுவது 1927இல் வந்தது. எடின்பரோவில் இருந்த கெர்மாக், மக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரை. கெர்மாக் வேதியியலாளர், 1924இல் ஆய்வுகூட விபத்தில் பார்வையை இழந்தவர். மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டவர். மக்கென்ட்ரிக் மருத்துவர், வட இந்திய மலையூரான கசௌலியில் பாஸ்டர் நிறுவனத்தை நடத்தியவர். மலையில் இருந்தவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பிரியம். அவர்கள் தங்கள் கணக்கைப் பொருத்திப் பார்த்தது 1905-06இல் பம்பாயில் பரவிய பிளேக் மரணங்களோடு.

அவர்களின் உரு எளிமையானது. ஊரை மூன்று அறையாகப் பிரியுங்கள். தொற்றக்கூடியோர், தொற்றியோர், நீங்கியோர். குணமானவரும் இறந்தவரும் மூன்றாவது அறையில். முதல் அறையிலிருந்து இரண்டாவதுக்கு எவ்வளவு வேகத்தில் ஆள் போகிறது, அங்கிருந்து மூன்றாவதுக்கு எவ்வளவு வேகத்தில் போகிறது, இவ்வளவுதான் கணக்கு. நோய் எல்லோருக்கும் தொற்றி முடிக்கும் முன்பே அடங்கிவிடக்கூடும் என்பது இதிலிருந்தே வெளிப்பட்டது.

இந்த உருவில் ஒரு மறைவான எடுகோள் இருக்கிறது. ஊரில் எவரும் எவரையும் ஒரே அளவில் சந்திப்பார்கள் என்பது. லயத்தில் வளர்ந்தவருக்குச் சிரிப்பு வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஆறு பேர், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், தண்ணீருக்கு எல்லோருக்கும் ஒரே பீலி. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம், நிறுக்கும் நேரத்தில் மடுவம். ஆனால் அடுத்த டிவிஷன் ஆளைத் திருவிழாவுக்குத் திருவிழாதான் பார்ப்பது. இதைச் சரிசெய்ய, யார் யாரை எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்று அட்டவணை வேண்டும். அப்படி முறையாக எடுத்த பெரிய கணக்கெடுப்பு 2008இல் வெளியானது, எட்டு ஐரோப்பிய நாடுகளில் எடுத்தது. அதை அடிப்படையாக வைத்து 2017இல் 152 நாடுகளுக்குக் கணிப்பு அட்டவணை போட்டார்கள். கெட்டிக்கார வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எட்டு நாட்டில் ஒன்றிலும் லயம் கிடையாது.

அந்தச் செய்தித் துணுக்கு சொன்ன ‘பிழை’க்கு வருகிறேன். 2020 மார்ச் 16ஆம் திகதி லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று கணக்கை வெளியிட்டது. ஒன்றுமே செய்யாமல் விட்டால் பிரித்தானியாவில் 5,10,000 பேரும் அமெரிக்காவில் 22 இலட்சம் பேரும் இறக்கலாம் என்றது. அந்த அலையில் அத்தனை பேர் இறக்கவில்லை, உடனே மாடல் பிழை என்றார்கள். முதல் பாதியை விட்டுவிட்டார்கள். ‘விட்டால்’. மாதிரியுருவின் உயிர் அந்த ‘ஆல்’ விகுதியில் இருக்கிறது. மழை பெய்தால் கொழுந்து வரும் என்று கங்காணி சொன்னதைக் கொழுந்து வரும் என்று மட்டும் துரையிடம் போய்ச் சொன்னால் பழி யார்மேல்?

அப்புறம், ஒரு குழு மட்டும் கணக்குப் போடவில்லை. ஆளுக்கொரு பக்கம் போட்டார்கள். இயற்பியல்காரர், பொருளாதாரக்காரர், கணினிக்காரர் எல்லோரும் உதவிக்கு ஓடிவந்தார்கள். அள்ளிக்கொட்டிய அறிக்கைகளைப் படித்துத் தரம் பிரிக்கவே ஆள் தேவைப்பட்டது. ஓடிவந்த உதவியை ஒழுங்குபடுத்தத்தான் பிரித்தானியாவில் ரோயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 2020 மார்ச்சில் ‘ராம்ப்’ என்ற முயற்சியைத் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் மைக்கேல் கேட்ஸ் பொறுப்பேற்றார். புதிதாக வந்தவர்களை, ஏற்கெனவே நோய்ப் பரவலில் பழுத்த குழுக்களுக்குத் துணையாகச் சேர்த்துவிட்டார்கள். புதிய கட்டுரைகளை வேகமாகப் படித்துச் சலித்துக் கொடுக்கவும் ஒரு பிரிவு இருந்தது.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ‘கோர்டினேஷன்’. இலத்தீன் ‘ஓர்டோ’ என்றால் வரிசை, கூடவே ஒரு முன்னொட்டு, ஒன்றாக வரிசையில் நிறுத்துவது. தமிழில் ஒருங்கிணைப்பு. நம் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவால் எல்லோருக்கும் பழகிய சொல். (கணித பாடத்தில் அதன் உறவான ‘கோர்டினேட்’ ஆள்கூறு ஆகிறது. ஆளைக் கூறுபோடுவதாகப் பிள்ளைகள் கேலி செய்வார்கள்.) ஒருங்கிணைப்பதால் எல்லோரும் ஒரே உருவைக் கட்டவேண்டும் என்றில்லை. உரு ஆளுக்கொன்றாக இருக்கட்டும், அளவு மட்டும் பொதுவாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் நிக்கலஸ் ரைக்கின் குழு 2020 ஏப்ரலில் தொடங்கிய முன்கணிப்பு மையம் அதைத்தான் கேட்டது. வாரம் என்றால் ஞாயிறு முதல் சனி வரை. ஒற்றை எண் தராதே, நிச்சயமின்மையைக் காட்டும் 23 புள்ளிகளாகத் தா. உள்ளே எந்தச் சமன்பாடு வைத்திருக்கிறாய் என்பது உன் பாடு.

தோட்டத்து வேலைநாள் பதிவேடான செக்ரோல் எழுதிய எவருக்கும் இதன் அருமை தெரியும். ஒரு கணக்கப்பிள்ளை அரைநாளை அரைப்பேராக எழுதி, இன்னொருவர் முழுப்பேராக எழுதினால் மாதக்கடைசியில் எந்தக் கூட்டலும் சரிவராது.

அளவு பொதுவானதும் எல்லாக் கணிப்பையும் ஒன்றாகச் சேர்க்க முடிந்தது. அதை ‘என்செம்பிள்’ என்கிறார்கள், பிரெஞ்சில் ‘ஒன்றாக’ என்று பொருள். அந்த மையத்துக்கு வந்த பெரும்பாலான தனி மாதிரியுருக்களைவிடச் சேர்த்ததுதான் மரண எண்ணிக்கையைத் தொடர்ந்து நன்றாகக் கணித்தது என்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. பிரித்தானியாவிலும் பல குழுக்களின் கணக்கைச் சேர்த்துத்தான் பரவல் எண்ணை, அதாவது தொற்றிய ஒருவர் சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றவைக்கிறார் என்பதை, ஒரு வீச்சாகச் சொன்னார்கள். 2020 மே நடுவில் அது 0.7 முதல் 1.0 வரை. என்செம்பிளுக்கு நான் ‘கூட்டு மாதிரியுரு’ என்று எழுதுகிறேன். கூட்டு என்றதும் பூசணிக்காய் நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் பல காயைத் தனித்தனியாக வெட்டி ஒரே சட்டியில் போடுவதுதான்.

மாடலிங் என்ற வினைக்கு ‘மாதிரியுருவாக்கம்’. மாதிரியுரு, ஆக்கம். இதில் ஒரு தொல்லை இருக்கிறது. அச்சுக்கூடத்திலோ கைபேசியிலோ யாராவது நடுவில் இடம் விட்டு ‘மாதிரி உருவாக்கம்’ என்று அடித்துவிட்டால் கதை பழையபடி குச்சிக்கே போய்விடும். யாரோ ஆய்வுகூடத்தில் உட்கார்ந்து கள்ள மாதிரி தயாரிப்பதாகவே படிக்கும். அதனால் ‘மாதிரியுரு அமைத்தல்’ என்று இரண்டு சொல்லாக எழுதுவதே எனக்குப் பிடித்திருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். ஆனால் எங்கே பிரித்தாலும் பொருள் கெடாது.