எண்பதில் போகும்போது மிருதங்கத்துக்கு என்ன ஆகிறது?

வீட்டில் நல்ல ஹெட்போனில் கேட்டுப் பழகிய ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். அதையே ஹெல்மெட்டுக்குள் பொருத்திய புளூடூத் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நாற்கரச் சாலையில் 80 கி.மீ. வேகத்தைப் பிடித்தால் பாதிக் கச்சேரிதான் காதுக்கு வரும். மிருதங்கத்தில் வலந்தலைச் சொற்கள், அதாவது வலப்பக்க அடிகள், கேட்கும். இடப்பக்கமான தொப்பியில் எழும் கனத்த கும்கி நாதம் கேட்காது. தம்பூரா இருந்த சுவடே தெரியாது. வீணையில் மீட்டிய கணம் கேட்கும், அதன் பின்னால் நீளும் கார்வை கேட்காது. நாதஸ்வரப் பதிவாக இருந்தால் மட்டும் ஏறக்குறைய முழுசாக வந்து சேரும்.

உடனே கை வால்யூம் பட்டனுக்குப் போய்விடுகிறது. நீண்ட தூரம் பைக்கில் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பழக்கம் உண்டு. அதுதான் எனக்குக் கவலை தருகிறது. பாட்டின் சத்தம் குறைந்துவிட்டதாக நமக்குத் தோன்றினாலும் உண்மையில் காற்றின் சத்தம்தான் கூடியிருக்கிறது. முதலில் காற்றைக் குறைத்துவிட்டால் பாட்டைத் தாழ்வாக வைத்தே முழுசாகக் கேட்கலாம், காதும் பிழைக்கும்.

பைக்கின் சத்தம் என்றால் எஞ்சினும் சைலன்சரும்தான் நினைவுக்கு வரும். சைலன்சரை மாற்றாத பைக்கில் சுமார் 60, 65 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் ஓட்டுபவர் காதில் எஞ்சின் பின்னுக்குப் போய்விடும். அதன் பிறகு காற்றுதான். ஹெல்மெட்டின் மேல் வழுக்கிக்கொண்டு வரும் காற்று அதன் வளைவு முடியும் இடத்தில் பிரிந்து சுழல்களாக உடைகிறது. அந்தச் சுழல்கள் ஓட்டின் மேல் மோதும் ஒவ்வொரு மோதலும் ஓர் அழுத்த அதிர்வு. இங்கிலாந்தின் பாத் நகரில் ஆய்வாளர்கள் பொம்மைத் தலைக்கு ஹெல்மெட் மாட்டி, காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தபோது, தாடைக்குக் கீழே உள்ள இடைவெளி சத்தத்துக்கு முக்கியமான ஊற்று என்று தெரியவந்தது. ஹெல்மெட்டின் அடிவிளிம்பில் காற்று சுழன்று, அந்தத் திறப்பு வழியாகக் காதுப் பக்கம் ஏறுகிறது. கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டினாலோ ஹெல்மெட்டின் தாடைத் திரையை மாட்டினாலோ சத்தத்தின் தன்மையே மாறுவது இதனால்தான்.

பைக்கின் முன்கண்ணாடியும் சில நேரம் காலை வாரிவிடும். கண்ணாடியின் மேல் விளிம்பில் பிரியும் காற்று கொந்தளிப்போடு பின்னால் வரும். அந்தக் கொந்தளிப்பு நேராக ஹெல்மெட்டில் வந்து இறங்கும்படி உங்கள் உயரம் அமைந்துவிட்டால், கண்ணாடியே இல்லாத பைக்கைவிட இரைச்சல் அதிகமாகும். ஆளில்லாத நேர்ச்சாலையில் மிதமான வேகத்தில் கால்மிதியில் சற்றே எழுந்து நின்று பாருங்கள். தலை தெளிந்த காற்றுக்குள் போனதும் 'படபட' என்ற அதிர்வு போய், சீரான 'ஸ்ஸ்' என்ற ஓசை மட்டும் மிஞ்சினால் கண்ணாடியின் உயரம் உங்களுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சத்தம் வேகத்தோடு ஏறும் விதம் பலருக்கு வியப்பாக இருக்கும். கெட்டியான பொருளின் மேல் காற்று மோதி எழுப்பும் ஒலியின் ஆற்றல், தோராயமாக வேகத்தின் ஆறாம் படிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகம் இரட்டிப்பானால் ஒலி ஆற்றல் 64 மடங்கு, அதாவது 18 டெசிபல் ஏற்றம் (டெசிபல் என்பது ஒலியின் அளவு; ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபல் கூடும்). இந்தக் கணக்கில் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகம் வராது. தலையில் மோதும் காற்றின் வேகம்தான் வரும். ஆடி மாதத்தில் திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போயிருந்தால் இது உடம்புக்கே தெரிந்திருக்கும். காவல்கிணறு தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே ஆரல்வாய்மொழியை நோக்கிப் போகும்போது, கணவாய் வழியாக வரும் தென்மேற்குப் பருவக்காற்று முகத்துக்கு எதிரே நிற்கும். பைக் 80, எதிர்க்காற்று 30 என்று வைத்துக்கொண்டால் ஹெல்மெட்டைப் பொறுத்தவரை நீங்கள் 110ல் போகிறீர்கள். 80க்கும் 110க்கும் இடையே ஒலி ஆற்றல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு, 8 டெசிபல் ஏற்றம். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே பாட்டு காணாமல் போகிறது.

சரி, காற்று ஏன் தொப்பியை மட்டும் விழுங்கி, வலந்தலையை விட்டுவைக்கிறது?

காற்றிரைச்சலின் ஆற்றலில் பெரும்பகுதி 500 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 500 அதிர்வுகளுக்கு) கீழே, கனத்த தாழ்ந்த ஓசைகளில் இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கமும், தம்பூராவின் அடித்தளமும், சினிமாப் பாட்டின் பேஸ் கிதாரும் அதே இடத்தில்தான் குடியிருக்கின்றன. ஹெல்மெட்டின் ஓடும் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற பஞ்சும் அடியைத் தாங்கச் செய்யப்பட்டவை. 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர், சில சென்டிமீட்டர் தடிமனும் ஒன்றரைக் கிலோ எடையும் அதை நிறுத்தப் போதாது.

இதற்கு மேல் காதின் அமைப்பும் சேர்ந்துகொள்கிறது. உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு நீளவாக்கில் ஓடுகிறது. வாசல் பக்கம் உயர்ந்த சுருதிகளுக்கும், உள்முனை தாழ்ந்த சுருதிகளுக்கும் அதிரும். ஒலி இந்தச் சவ்வில் பயண அலையாக ஓடுவதைக் கண்டறிந்த ஜார்ஜ் வான் பெக்கசிக்கு 1961ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. தாழ்ந்த ஒலியின் அலை உள்முனையை அடைய வேண்டுமானால் உயர்ந்த சுருதிகளின் இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். போகிற வழியில் அங்கேயும் குலுக்கிவிட்டுப் போகிறது. இதனால் பலமான தாழ்ந்த ஒலி, தன் இடத்தில் உள்ளவற்றை மட்டுமல்லாமல், தனக்கு மேலே உள்ள ஒலிகளையும் ஓரளவு மறைத்துவிடும். எதிர்த்திசையில் இந்த மறைப்பு மிகவும் குறைவு. பாடகரின் குரல் மெலிந்து கேட்பதன் காரணம் இது. திறந்தவெளிக்கென்றே உருவான நாதஸ்வரம் தன் பலத்தை 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் தாராளமாக வைத்திருப்பதால் தப்பித்துக்கொள்கிறது.

ஹெல்மெட் ஸ்பீக்கருக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஸ்பீக்கரின் தகடு முன்னே தள்ளும்போது பின்னே உறிஞ்சும். இரண்டையும் பிரிக்கச் சரியான தடுப்பு இல்லையென்றால் முன்பக்க அழுத்தம் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கம் போய்ச் சமமாகிவிடும். தாழ்ந்த சுருதிகளில் இது மோசமாக நடக்கும். காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தால் பேஸ் போச்சு. பஞ்சு வைத்து ஸ்பீக்கரைக் காது மடலோடு ஒட்டினாற்போலக் கொண்டுவந்து, காதின் துளைக்கு நேராக நகர்த்தினால், புது ஸ்பீக்கர் வாங்கியது போன்ற மாற்றம் தெரியும். செலவில்லாத வேலை, ஆனால் இதைச் செய்யாமலே பலர் அடுத்த மாடலுக்குப் பணம் கட்டுகிறார்கள்.

இப்போது காதுக்கு ஆகும் சேதத்துக்கு வருவோம். ஹெல்மெட், பைக், உட்காரும் உயரம் எல்லாவற்றையும் பொறுத்து மாறினாலும், 80 கி.மீ. வேகத்தில் காதருகே 90 முதல் 95 டெசிபல் என்பது வழக்கமான அளவு. பணியிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ், 85 டெசிபலில் 8 மணி நேரம் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் நேரம் பாதியாகும். 94க்கு ஒரு மணி நேரம், 100க்குக் கால் மணி நேரம். காற்று 95ல் இருக்க, பாட்டு தெளிவாகக் கேட்க அதை 98க்கு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து காதில் விழுவது 100 டெசிபல். சென்னையிலிருந்து கிளம்பியவர் செங்கல்பட்டைத் தாண்டி மதுராந்தகம் போவதற்குள் அன்றைய முழு நாள் அளவும் தீர்ந்துவிடும். மதுரை இன்னும் வெகு தூரம்.

சில பெரிய டூரிங் பைக்குகளில் வேகம் கூடக் கூட வால்யூம் தானாகவே ஏறும் வசதி உண்டு. ஹோண்டா கோல்ட் விங் இதற்குப் பேர்போனது. காதுக்கு வசதிதான். ஆனால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது கவனத்துக்கே வராமல் போகிறது.

இனி அதே கணக்கை, காதை அடைத்துக்கொண்டு போடலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் மஞ்சள் அல்லது ஆரஞ்சு நுரை இயர்பிளக் சரியாகப் பொருந்தினால், அன்றாடப் பயன்பாட்டில் 20 டெசிபல் குறையும் என்று நம்பலாம். காற்று 75க்கு இறங்கும். பாட்டு அதைவிட 3 டெசிபல் மேலே, 78ல் இருந்தால் போதும். இரண்டும் சேர்ந்து 80. பாட்டுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி அதேதான், காதுக்கு அதே தெளிவு. ஆனால் உள்ளே போகும் ஒலி ஆற்றல் நூறில் ஒரு பங்கு. நாள் முழுக்க ஓட்டினாலும் 85ஐத் தொடாது.

'சரியாகப் பொருந்தினால்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நுரையை விரல்களுக்கு நடுவே சுருக்கம் விழாமல் உருட்டி, குச்சிபோல மெல்லிசாக்க வேண்டும். எதிர்ப்பக்கக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுக்குழாய் நேராகும். அப்போது செருகி, நுரை விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனகினால் சத்தம் தலைக்குள் கனமாக ஒலிக்கும். ஒரு காதில் மட்டும் அப்படி ஒலிக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் கசிகிறது, எடுத்துத் திரும்பப் போட வேண்டியதுதான்.

இயர்பிளக்கின் மேல் ஹெல்மெட் ஸ்பீக்கரைக் கேட்பது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நன்றாகவே வேலை செய்யும். ஸ்பீக்கரின் வால்யூமை ஏற்ற வேண்டியிருக்கும்; ஏற்றியதில் பெரும்பகுதியை நுரை தடுத்துவிடுவதால் செவிப்பறைக்குப் போவது குறைவுதான். நுரை உயர்ந்த சுருதிகளைச் சற்று அதிகமாக அடைப்பதால் பாட்டு மந்தமாகக் கேட்கும். ஈக்வலைசரில் ட்ரெபிளை ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும்.

காதுக்குள் செருகும் நுரைமுனை இயர்போன் இன்னொரு வழி. அடைப்பும் பாட்டும் ஒரே பொருளில். மூடிய சின்ன அறைபோல ஆகிவிடும் காதுக்குழாயில், துளியூண்டு ஸ்பீக்கரும் முழு பேஸ் கொடுக்கும். இசையின் தரத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. சிக்கல் ஹெல்மெட்டை மாட்டும் அந்த ஒரு நொடியில். கன்னப் பஞ்சு காதை உரசி இறங்கும்போது இயர்போனின் தலை லேசாகத் திரும்பிவிடும். தலைமுடி அளவு இடுக்கு விழுந்தாலும் அதன் வழியே பேஸ் வெளியே போகும், காற்றிரைச்சல் உள்ளே வரும். மாட்டியதும் பேஸ் குறைந்தால் கிளம்பாதீர்கள், கழற்றிச் சரிசெய்யுங்கள். காதுக்கு வெளியே துருத்தாத வடிவமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் காது மடல் வலி எடுத்துவிடும்.

இரைச்சலை ரத்து செய்யும் ஏ.என்.சி. இயர்பட்கள் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிர் அலையை உருவாக்கிச் சேர்த்தால் இரண்டும் கழிந்துபோகும் என்ற யோசனைக்கு ஜெர்மனியின் பால் லூக் 1936லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978ல் ஒரு விமானப் பயணத்தில், போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ் இதைப் பற்றிக் கணக்குப் போடத் தொடங்கி, 1989ல் அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விமானத்தின் உறுமல் சீரானது, அலைநீளம் பெரியது. எதிரலையைச் சரியாகப் பொருத்த நேரம் கிடைக்கிறது. ஹெல்மெட்டுக்குள் அப்படியில்லை. சுழல்காற்று நேராக மைக்கின் மேல் மோதினால், காதுக்குள் இல்லாத ஒரு சத்தத்தை மைக் பதிவு செய்யும். அதற்கான எதிரலை எதையும் ரத்து செய்யாது, புதிய இரைச்சலாகச் சேரும். தாழ்ந்த ஒலியின் அழுத்தம் எல்லை மீறினால் 'டப் டப்' என்று வெடிக்கவும் செய்யும். ஹெல்மெட்டின் காதுப் பகுதி நன்றாக மூடியிருந்தால் ஓரளவு உதவும். என் பார்வையில் அடைப்புதான் அஸ்திவாரம், ஏ.என்.சி. அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

காதை அடைத்தால் ஹாரன் கேட்காதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லாரி ஹாரன் காற்றைவிட 5 டெசிபல் மேலே இருந்தால், இயர்பிளக்கைத் தாண்டி உள்ளே வரும்போதும் ஏறக்குறைய 5 டெசிபல் மேலேதான் இருக்கும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன. நெடுஞ்சாலை வேகத்தில் ஹாரனை மறைப்பது காற்றுதான். பாட்டும் அதே வேலையைச் செய்யும் என்பதை மறக்கக் கூடாது. ஆகவே காற்றின் ஓசை பின்னணியில் கேட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்குத்தான் பாட்டு இருக்க வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் காற்றிரைச்சல் அடங்கிவிடும், அதுவரை காற்றுக்கு ஈடாக வைத்திருந்த பாட்டு இப்போது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். அங்கே நிறுத்திவிடுவதுதான் சரி. சட்டமும் இடத்துக்கு இடம் மாறுகிறது: பிரான்ஸில் 2015 ஜூலை 1 முதல் வாகனம் ஓட்டும்போது காதில் இயர்போன் கூடாது, ஹெல்மெட்டோடு சேர்ந்த ஸ்பீக்கருக்குத் தடையில்லை. ஒரு காதில் மட்டும் இயர்போன் போட்டுக்கொள்வது பாதுகாப்பு என்ற எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. அடைக்காத காது முழு இரைச்சலையும் வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

காக்ளியாவில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றும் உள்மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 3,500தான். செத்தால் மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. முதலில் பழுதாவது பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் பகுதி. அங்கேதான் 'ச', 'ஸ' போன்ற ஒலிகளின் கூர்மை இருக்கிறது. கூட்டத்தில் பேச்சு கேட்கிறது ஆனால் புரியவில்லை என்ற நிலை இப்படித்தான் தொடங்கும். பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு காதில் 'கொய்ங்' என்ற ரீங்காரம் இருந்தால் அன்றைய அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையிலும் அது இருந்தால், அல்லது நீண்ட பயணங்கள் வழக்கமாகவே இருந்தால், காது மருத்துவரிடம் ஓர் ஆடியோகிராம் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம்) எடுத்து 4,000 ஹெர்ட்ஸ் அருகே கோடு கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.